ஒரு சென்ட்

ஈரி என்ற ஊரில் ஏரிதான் குளிர்காலம்.
டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி
லாரிக் கொட்டகையின் கதவில் பாதிவரை
பனி ஏறியிருந்தது.
பங்குக்கு நாற்பத்திரண்டு சென்ட் வரும் என்று
அக்டோபரிலேயே வாய்விட்டிருந்தார்கள்.
வந்திருப்பது நாற்பத்தொன்று.

லொரெய்ன் ஹ்ராபக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
இங்கேதான் எங்கோ கிடக்கும், தேடு என்றாள்,
மேசைக்கடியில் விழுந்த காதணியைச் சொல்வதுபோல.

முதலில் கடைசல் இயந்திரங்கள்.
எட்டாண்டு உழைக்கும் என்று எழுதியிருந்தோம்.
பன்னிரண்டு என்று மாற்றினேன்.
செவ்வாய்க்கிழமை புகைந்து நின்றுபோன
ஏழாம் எண்ணுக்கும்
நான்காண்டு ஆயுள் கூடிற்று.
எமனிடம் யாரும் இத்தனை சுலபமாய்
தவணை வாங்கியதில்லை.

பிறகு,
பழுதாகித் திரும்பும் பம்புகளுக்கென
நூற்றுக்கு நான்கு எடுத்துவைப்போமே, அது.
"இந்த வருஷம் நன்றாகத்தானே செய்தோம்?"
யாரையும் பார்க்காமல் கேட்டாள்.
மூன்றாயிற்று.

சத்தமில்லாத பம்பு ஒன்றுக்காக
ஆய்வறையில் இரண்டு வருஷமாய் நிரம்பியிருந்த தொட்டியை
நவம்பரிலேயே வடித்துவிட்டார்கள்.
ஓட்டிஸ் ஓட்டும் ஃபோர்க்லிஃப்டின் பிரேக்
ஜனவரிக்குத் தள்ளிப்போனது.
மெதுவாக ஓட்டிக்கொள்வான்.

அப்படியும் கால் சென்ட் இடித்தது.

இரவு ஒன்பதுக்கு டேட்டன் விநியோகஸ்தருக்கு போன்:
எடுத்துக்கொள்ளுங்கள்,
பணம் ஏப்ரலில் தந்தால் போதும்.
அவர் கேட்காத முந்நூறு பம்புகள்
பதினொன்று நாற்பதுக்கு வாசல் தாண்டின.
வாசல் தாண்டினால் விற்பனை.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
வீட்டில் விருந்து;
என் சட்டைப்பையில் போன் மூன்று முறை அதிர்ந்து ஓய்ந்தது.

பொய் என்று ஒரு வரி காட்ட முடியாது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒரு கையெழுத்து,
தணிக்கையாளர் தலையசைத்த ஒரு விதி.
மூக்கைத் துடைத்து, தலை வாரி,
போட்டோவுக்கு நிறுத்திய பிள்ளைபோல் நின்றது
அந்தக் காலாண்டு.

நாற்பத்திரண்டு.
அறிவித்த காலையில் பங்கு விலை கொஞ்சம் ஏறியது.
எதிர்பார்த்ததுதானே என்று
மத்தியானம் இறங்கிவிட்டது.

மார்ச் நடுவில்
டேட்டன் பம்புகள் திரும்பி வந்தன,
அட்டைப்பெட்டிகள் ஊறி, ஓரம் பிய்ந்து.
பிரேக் இன்னும் சரியாகவில்லை.
ஓட்டிஸ் ஒவ்வொன்றாய், மெல்ல,
ஏழாம் எண்ணின் பக்கத்தில் அடுக்கினான்.
"இதெல்லாம் போன வருஷம் விற்றதுதானே?"

நான் பதில் யோசிப்பதற்குள்
மாடியிலிருந்து லொரெய்ன் கூப்பிட்டாள்.
இந்தத் தடவை
மூன்று சென்ட் குறைகிறதாம்.