ஏழில் நின்ற சக்கரம்

டச்பாரில் கடல் ஏறிய அன்று
அது மிதந்ததாம், நாலு காலும் மேலே.
"ஃப்ரிட்ஜ் போனது, கட்டில் போனது,
இந்தப் பிசாசு மட்டும் வேலியில மாட்டி நிண்டது"
என்றார் ரொட்னி பாத்தலட்.

இத்தாலிச் சாமான். என்னைவிட வயது கூட.
பின்கண்ணாடியில் கோடுபோட்ட சட்டைக்காரர் பதினொரு பேர்.
இல்லை, பத்து.
ஒருவரை உப்புத் தின்றுவிட்டது, பூட்ஸ் மிச்சம்.
கோல்காப்பாளர் பறந்தபடி.
அவர் கைக்கும் பந்துக்கும் நடுவே
ஒரு விரற்கடை, ஐம்பது வருஷமாக.

நான் காத்தான்குடியில் மோட்டார் சுற்றுகிறவன்.
தண்ணீர்ப் பம்பு, மிக்சி, கலியாண வீட்டு ஜெனரேட்டர்.
மூடியைத் திறந்தால்
ரிலே, ரிலே, ரிலே,
துணி சுற்றிய வயர்கள்,
அடியில் ஒரு பிடி மணல், ஒரு மட்டிச் சிப்பி.

பதினேழு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு போனேன்.
புள்ளிச் சக்கரம் மூன்று.
ஒன்றும் பத்தும் ஓடின.
நூறு மட்டும் ஏழில் இறுகிப்போய்,
எண்ணெய்க்கும் இல்லை, கெஞ்சலுக்கும் இல்லை.
ஆகவே யார் ஆடினாலும்
தொடங்கும்போதே எழுநூறு.
"இந்த வீட்டில ஒருத்தரும் தோற்கமாட்டம்" என்று
ரொட்னியின் மகள் ஷெரின் சிரித்தாள்.

பந்து தொலைந்திருந்தது.
ஏறாவூர் அரிசி மில்லின் உடைந்த பெயரிங்கில்
ஒரு குண்டு எடுத்துத் தந்தார் சாபித்தம்பி.
ஒரு நூல் சின்னன்.
தட்டுக் கைகள் இரண்டுக்கும் நடுவே
கள்ளப் பூனை மாதிரி இறங்கிவிடும்.
ஆத்திரத்தில் பெட்டியை உலுக்கினால்
விளக்கெல்லாம் செத்து ஒரேயொரு மஞ்சள் எழுத்து எரியும்.
அதில் என்ன எழுதியிருந்ததோ,
நாங்கள் "போடா" என்று வாசித்தோம்.

கொழும்பிலிருந்து ஒருத்தர் வந்தார், கையுறை போட்டு.
உலகத்தில் ஒன்பதோ பத்தோதான் மிச்சம் என்றார்.
டோர்ச் அடித்து ரிலேக்களை எண்ணினார்.
அவர் சொன்ன விலைக்குள்
புதுக் கூரைத் தகடு இருந்தது,
ஷெரினின் மெல்பேர்ன் டிக்கெட்டும் இருந்தது.

ரொட்னி கடைசியாக ஒருதரம் ஆடினார்.
எழுநூற்றுப் பதினொன்று.
"ஆகக் குறைஞ்சது இதுதான் மனே" என்றார்,
காசை எண்ணாமலே.

லொறி ஸ்டார்ட் ஆன பிறகு
கொழும்புக்காரர் கேட்டார்: பந்து ஒரிஜினலா?
இல்லை என்றேன்.
அப்போ வேண்டாம் என்றார்.

இப்போது அது என் ஸ்குரூ லாச்சியில்.
இழுக்கிற ஒவ்வொரு தரமும்
பின்னாலிருந்து உருண்டுவந்து முன்பலகையில் மோதும்.
தேத்தண்ணி குடிக்கிற ஆள்
என்ன சத்தம் என்று பார்ப்பார்.

எழுநூற்று ஒன்று என்பேன்.