வால் தாண்டியாச்சு

டர்பன் துறைமுகத்தில் பெட்டியை ஏற்றும்போது மணி ஏழு.
விடிவதற்குள் சிட்டி டீப்.
நடுவில் கிடப்பது ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இருட்டும்
வேன் ரீனன் கணவாயும்
ஃப்ளாஸ்க்கில் பாதிக் காப்பியும்.

இந்தச் சாலையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.
எதிரே வருகிறவன் முன்விளக்கை இரண்டு தரம் வெட்டினால்
வாட்டில் மரங்களுக்குப் பின்னால் போலீஸ்காரன்
ராடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.
மூன்று தரம் வெட்டினால் மாடு.
எல்லாரும் விடாமல் வெட்டிக்கொண்டே போனால்
விளக்கைப் போட மறந்த மடையன் நீதான்.
எஸ்ட்கோர்ட் தாண்டி ஒரு மசங்கல் வேளையில்
பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போய்ப் போலீஸைத் தேடினேன்.

ஏற்றத்தில் திணறும் வண்டி
இடப்பக்கம் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுங்கும்.
தாண்டிப் போகிறவன் நான்கு விளக்கையும் இரண்டு தரம் சிமிட்டுவான்:
நன்றி.
ஒதுங்கியவன் முன்விளக்கை ஒரு தரம்:
இதுக்கென்னப்பா.
ஸுலு, ஷோனா, ஆஃப்ரிகான்ஸ்,
எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் அரைத் தமிழ்,
எல்லாவற்றுக்கும் ஒரே அகராதி.
மொத்தம் ஏழெட்டு வார்த்தை.
அதில் வசவு ஒன்று உண்டு.
மன்னிப்பு கிடையாது.

நேற்று கணவாயில் மூடுபனி.
வைப்பர் துடைக்கத் துடைக்க வெள்ளை.
முன்னால் ஒரு கிழ வண்டி, தாங்காத பாரம்,
நடைவேகத்தில் ஊர்ந்தது.
என்னைப் பார்த்து ஒதுங்கியது.
வலதுபக்கம் ஏறினேன்.

எனக்குப் பின்னால் பதினைந்து மீட்டர் ட்ரெய்லர்.
அதன் வால் எங்கே இருக்கிறதென்று
பனிக்குள் எனக்கு எப்படித் தெரியும்?
அவன்தான் சொல்ல வேண்டும்.
முந்திச் சொன்னால் அவன் கேபின் நசுங்கும்.
பிந்திச் சொன்னால் வளைவு என்னை விழுங்கும்.
முகம் தெரியாத ஒருவன் கையில் வாலைக் கொடுத்துவிட்டு
ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

சொன்னான்.
கண்ணாடியில் ஒரே ஒரு வெட்டு:
வால் தாண்டியாச்சு, உள்ளே வா.

ஒரு விளக்கு வெள்ளை.
ஒரு விளக்கு மஞ்சள்.

ஜேக்கப்ஸ் பழைய இரும்புக்கடையில்
முந்நூறு ராண்டுக்கு அடித்துப் பேசி
அந்த மஞ்சளை வாங்கினவன் நான்.
ஜோடி சேராதுடா என்றான் தவநேசன்.
வெளிச்சம் வந்தால் போதாதா என்று
மாட்டினவனும் நான்.
அப்பாவின் லாரி அப்போது எங்களுக்குப் பொது.
பிறகு வக்கீல்.
பிறகு சாட்ஸ்வொர்த்தில் அவன் வீட்டு இரும்புக் கேட்டு.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
இந்தப் படியை இனி மிதிக்காதே என்றான்.
நான் பதிலுக்குச் சொன்னதை
ரோஷிலாகூட இதுவரை எனக்கு ஞாபகப்படுத்தியதில்லை.
மூன்று காவடி போயிற்று,
கோயிலில் அவன் ஒரு தூண், நான் ஒரு தூண்.

இது கம்பெனி வண்டி. புதுசு.
உள்ளே இருப்பது நான் என்று
அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.
தெரிந்திருந்தால்?
தெரிந்திருந்தாலும் அதே நொடியில்தான் வெட்டியிருப்பான்.
விளக்கு விஷயத்தில் அவன் சுத்தம்.

நான்கு விளக்கையும் இரண்டு தரம் சிமிட்டினேன்.
போதவில்லை.
இன்னும் இரண்டு தரம்.
அப்புறம் நிறுத்தத் தோன்றவில்லை.
டிக் டிக் என்று கேபினுக்குள் அது துடித்துக்கொண்டே வர
கணவாயின் உச்சிக்கு வந்துவிட்டேன்.
விடாமல் சிமிட்டினால் அகராதியில் அர்த்தமே வேறு.
வண்டி பழுது, நிற்கப் போகிறேன்.

அது உறைத்தபோது ஓரம் கட்டியிருந்தேன்.

கீழே பனிக்குள்ளிருந்து வெள்ளையும் மஞ்சளும்
மெல்ல மெல்ல ஏறி வந்தன.
வேகம் குறைந்தன.
மஞ்சள் கோட்டைத் தாண்டி
என் வாலுக்குப் பின்னால் நின்றன.
கதவு திறக்கும் சத்தம்.
கையில் டார்ச்சும் ஸ்பானருமாக வருவான்,
என்ன கோளாறு என்று கேட்பான்.

அதற்குள் எதையாவது
கழற்றி வைக்க வேண்டும்.