நுழைவுக் கட்டணம் ஐம்பது

ஆற்காடு ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரின்
பில் கவுன்ட்டர் என்னுடையது.
வாரமெல்லாம் காசு வாங்கி ரசீது கிழிக்கிற கை.
ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு
அதே கைதான் ஆன்லைன் சதுரங்கப் போட்டியைத் தொடங்கிவைக்கும்.

இரண்டு வருஷம் இலவசம்.
அறுபது பேர் பதிவார்கள், இருபது பேர் வருவார்கள்.
ராணி போனதும் பாதிப்பேர்
சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவார்கள்.
எதிரே இருப்பவர்
அசையாத பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்,
கடைசிப் பந்தியில் இலை போட்டு
சோறு போட மறந்துபோன ஆள் மாதிரி.

காட்பாடி தேவசகாயம்தான் சொன்னார்:
"ஓசியில வர்றவன் ஓசியாத்தான் ஆடுவான் மேடம்.
அம்பது ரூபா வாங்குங்க. அப்புறம் பாருங்க."

வாங்கினேன்.
இருபத்துநாலு பேர் கட்டினார்கள்.
வெறும் ராஜாவையும் ஒற்றைச் சிப்பாயையும் வைத்துக்கொண்டு
பொய்கைச் சந்தையில் துண்டுக்கடியில்
விரல் பிடித்த தரகர்களைப் போல
கடைசி விநாடிவரை விடவில்லை.
ஐம்பது ரூபாய்க்கு இவ்வளவு மரியாதை
என்று தெரியாமல் போயிற்றே எனக்கு.

குடியாத்தம் கோட்டீஸ்வரி, பிளஸ் ஒன்,
பெயரில் மட்டும் கோடி,
"அடுத்த வாரம் ஆடறேங்க்கா" என்று எழுதினாள்.
அடுத்த வாரமும் அதையே எழுதினாள்.
நான் கட்டுகிறேன் என்றேன்.
"வேணாங்க்கா. தோத்தா உங்க காசு."

முதல் பரிசு ஆயிரத்து இருநூறு.
மூன்றாம் வாரம் ஜெயித்தவன் சுபோத் மண்டல்,
மால்டாவிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்து
ஆஸ்பத்திரி எதிர்ச் சந்து லாட்ஜில் தங்கியிருப்பவன்.
தோற்றவர் பேரணாம்பட்டு நூருல்லா,
தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
இலவசமாய்த் தோற்ற நாட்களில்
கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுத்
தூங்கப் போகிற மனுஷன்.
அன்று பதினொன்றே காலுக்கு ஃபோன்:
"மிஷின் வச்சி ஆடறான் மேடம். நீங்களே பாருங்க."

பார்த்தேன்.
கணக்கு ஒரு ரூபாய் உதைத்தால் தேடுவதுபோல்
ஒவ்வொரு நகர்த்தலாக, இரண்டு மணிவரை.
இருபத்திரண்டுவரை ஒரு பிசிறில்லை.
எனக்கே வயிற்றைக் கலக்கியது.
இருபத்து மூன்றில்
காவலில்லாமல் நின்ற ஒரு யானையை
வெட்டாமல் விட்டிருந்தான்.
குழந்தைக்கும் தெரிகிற யானை.
அதற்கு முன்னால் நான்கு நிமிடம்
எதுவுமே நகரவில்லை.

கேட்டேன். ஒரு வரி வந்தது:
"தீதி, அப்போ நர்ஸ் கூப்பிட்டது. ரத்தம் வேணும் சொல்லுது."

எந்த மிஷினையும் வார்டிலிருந்து கூப்பிடமாட்டார்கள்.
நூருல்லாவிடம் சொன்னேன்.
கொஞ்சநேரம் கழித்து "சரி" என்றார்.
அந்தச் சரிக்குள் ஐம்பது ரூபாய்
இன்னும் கிடந்தது.

பணத்தை அனுப்பினேன்.
திங்கட்கிழமை வரிசையில் வங்காளத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர்.
சுபோத் யாரென்று தெரியாது, முகம் பார்த்ததில்லை.
ஒருத்தன் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணினான்,
திரும்ப எண்ணினான்.
எல்லார் கையிலும் ஆயிரத்து இருநூறு இருப்பதுபோலவும்
எல்லாருக்கும் அது போதாததுபோலவும் இருந்தது.
ரசீது கிழித்தேன்.

ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
பலகையில் அது நடக்காது.
காசில்லாத ஆட்டம் நடக்கும், நடந்தது,
நடுவில் எழுந்து போனது.
காசுள்ள ஆட்டம் உட்கார்ந்திருக்கிறது,
உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவன் மடியைத் தடவுகிறது.

இன்றைக்கு ஞாயிறு. எட்டு ஐம்பது.
கட்டணம் என்ற கட்டத்தில் ஐம்பது போட்டேன், அழித்தேன்.
இருபது போட்டேன். இருபது எந்த ஊர் நியாயம்?
அழித்தேன்.
தேவசகாயம் ஏற்கெனவே கட்டிவிட்டு
"ஸ்டார்ட் பண்ணலையா" என்கிறார்.
அவருக்குக் கீழே, பெயருக்குப் பக்கத்தில்
மூன்று புள்ளிகள் துள்ளுகின்றன.
கோட்டீஸ்வரி எதையோ எழுதுகிறாள்.