பேட்டரிக்காரி

புரோகிராம் எழுதுவது அய்ஜிரெக்.
பல்சக்கரம் உலுக்மான்.
கம்பி, பற்றவைப்பு, சண்டை மூன்றும் தொலோகன்.
மிச்சமிருந்தது பேட்டரி.
அது எனக்கு.

நாரினில் அன்று விடியுமுன்
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
குளிர் பட்டால் பேட்டரி பாதி செத்துவிடும் என்று
யாரோ சொன்னதைத் தொலோகன் சொன்னான்.
கோட்டுக்குள், ஸ்வெட்டருக்குள்,
வயிற்றோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டேன்.
டோலோன் கணவாயில் வேன் மூச்சிரைத்து ஏறியபோது
என் விலா எலும்பில் இடித்தபடி
கதகதப்பாக இருந்தது அது மட்டும்தான்.
கையெழுத்துப் போடப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்று
கூட வந்த விளையாட்டு வாத்தியார்
வழி முழுக்கக் குறட்டை.

பிஷ்கேக்.
அரங்கக் கதவைத் தள்ளியதும்
கண்ணில் பட்டது தரை.
முகம் பார்த்துத் தலை வாரலாம் அதில்.
மற்ற அணிகளுக்கு ஒரே நிறச் சட்டை, முதுகில் பெயர்.
நாரினா, அங்கே ரொம்பக் குளிராமே, என்றான் ஒருவன்.
இல்லை, முலாம்பழம் விளைகிறது, என்றான் உலுக்மான்.

எங்களுடையது
பிஸ்கட் டப்பா உடம்பு,
தள்ளுவண்டிச் சக்கரம்,
யாருடைய வேனிலிருந்தோ வந்த வைப்பர் மோட்டார்.
பெயர் எச்கி. எங்கள் மொழியில் ஆடு.
சொல் பேச்சுக் கேட்காததால் வந்த பெயர்.

கறுப்புக் கோட்டின் மேல் போக வேண்டும்,
மூன்று மரக்கட்டைகளை எடுக்க வேண்டும்,
கட்டத்தில் வைக்க வேண்டும்.
இரண்டரை நிமிடம்.

எச்கி இடப்பக்கம் திரும்பியது.
மறுபடி இடப்பக்கம்.
மறுபடி.
வால் கடிக்கத் தேடும் நாயைப் போல
நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி
இரண்டரை நிமிடத்தையும் அரைத்து முடித்தது.
நடுவர் பூஜ்யத்தை
வட்டம் கோணாமல், பொறுமையாக எழுதினார்.

தொலோகன் கத்தினான்.
அய்ஜிரெக் அழவில்லை, மடிக்கணினியை மூடினாள்.
அழுதிருந்தால் தேவலை.

எங்கள் பள்ளிக் கூடத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு.
அந்த மங்கலில்தான் எச்கி கோடு பார்க்கப் பழகியது.
இங்கே கூரை முழுக்க வெளிச்சம்.
தரை மினுங்குகிறது, கோடும் மினுங்குகிறது.
பாவம், கறுப்பு எது என்று யார் காட்டுவார்கள் அதற்கு?

பேட்டரிக்காரிக்குப் பேச என்ன இருக்கிறது
என்றுதான் அதுவரை இருந்தேன்.
ஆனால் ஆறு மணி நேரம்
கோட்டுக்குள் இருட்டைச் சுமந்து வந்தவள் நான்.
"கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் இருட்டு வேண்டும் அதற்கு,"
என்றேன்.
நான்தான் சொன்னேனா என்று மூவரும் பார்த்தார்கள்.

பூட்ஸைக் கழற்றி
உள்ளே கிடந்த கம்பளித் தகட்டை உருவினேன்.
கத்தரியைக் கொண்டுவரவில்லை.
உலுக்மான் பல்லால் கடித்துக் கிழித்தான்.
அந்த ஒன்றுக்காக
இனி அவன் என்ன செய்தாலும் மன்னிப்பேன்.
வாசனையைப் பற்றி
இன்றுவரை எங்களில் ஒருவரும் பேசியதில்லை.

சென்சாரைச் சுற்றிக் குட்டைப் பாவாடை போல ஒட்டினோம்.
இரண்டாம் சுற்று.
தொடக்கூடாது என்பது விதி.
நான்கு பேரும் கைகளை அக்குளில் திணித்துக்கொண்டோம்.

போனது.

நேராக என்று சொல்ல முடியாது.
கள் குடித்தவன் வரப்பில் போகிற மாதிரி,
ஆனால் வரப்பை விடாமல்.
முதல் கட்டை. தூக்கியது, வைத்தது.
இரண்டாவதை வைக்கும்போது கொஞ்சம் யோசித்தது.
மூன்றாவதைக் கண்டதும் என்ன நினைத்ததோ,
கட்டையை விட்டு, கோட்டை விட்டு,
விளிம்பு தாண்டி
நடுவரின் தேநீர்க் கோப்பையை நோக்கி நடந்தது.
ஆடு.

முப்பத்துநான்கில் இருபத்தொன்பது.
வாத்தியார் விழித்து, ஜெயித்தோமா என்றார்.
இரண்டு கட்டை, என்றாள் அய்ஜிரெக்.
கோப்பை வாங்கியவனும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

பெட்டியில் அடுக்கும்போது
ஓஷ் அணிப் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.
சட்டை முதுகில் பெயர், கையில் சுற்றும் ரோபோ.
அவர்கள் சுற்று இன்னும் பாக்கி.
என் கால்களைப் பார்த்தாள்.
"இன்னொரு பூட்ஸிலும் அது இருக்கிறதா?"

கணவாயில் பனி.
இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தன.
பேட்டரி காலி, இனி அதற்குக் குளிரால் ஒன்றும் ஆகாது.
தெரியும்.
இருந்தாலும் துணியை எடுத்து
பழையபடி வயிற்றில் கட்டிக்கொண்டேன்.