எட்டு அல்ல

குடிகாடு. இரவு ஷிப்ட்.
ஹைட்ரோகுளோரிக், 0.01 மோலார்.
மடக்கை அட்டவணை வேண்டாம்,
புள்ளிக்குப் பின்னுள்ள இடங்களை எண்ணினால் போதும்:
பிஎச் இரண்டு.
வலிய அமிலம் எதையும் ஒளித்துவைக்காது.
கையிலிருக்கும் புரோட்டான் அத்தனையும்
தண்ணீரில் கொட்டிவிடும்,
சம்பள நாளில் என் தம்பி குணாளன் மாதிரி.

பத்து மடங்கு நீர்த்தால் ஒரு படி ஏறும்.
இன்னும் பத்து. இன்னும்.
பத்தின் அடுக்கு மைனஸ் எட்டுக்கு
பிளஸ் டூவில் நான் எழுதிய விடை, எட்டு.
சிவப்பு மையில் ஒரு கேள்வி:
அமிலம் காரமாகுமா?
தண்ணீருக்கும் சொந்தமாய்ப் புரோட்டான் உண்டு;
நான் கூட்டவில்லை.
6.98. ஏழைத் தொடாது.

தனகோடி சார் போனில்:
“ஏழுன்னு போடும்மா,
ஆத்துல கலந்தா சரியாயிடும்.”
ஜன்னலுக்கு அப்பால் உப்பனாறு, இருட்டில்.

நாலு எழுதி,
புள்ளியை அழுத்தி வைத்து,
மூன்று.