அரை அங்குலம்

சேணத்துக்கு அடியில் விரிக்கிற துணி
இரண்டு தைத்துக் கொடுத்தேன் முர்ஷிதுக்கு.
உள்ளே பழைய போர்வை, மேலே டெனிம்,
சாய்சதுரமாய் நெருக்கித் தையல்.
கூலி கேட்டபோது தலையைச் சொறிந்தான்.
சீசன் தொடங்கவில்லை, வெள்ளைக்காரர் இல்லை.
"காசுக்குப் பதிலா ஆறு நாள் ஏறி ஓடுங்களன், அக்கா."
நாற்பத்திரண்டு வயது எனக்கு.
ஓம் என்றுவிட்டேன்.

குதிரையின் பெயர் சார்ஜன்.
கொழும்பில் பொலிஸ் வேலை பார்த்து
இளைப்பாறி நிலாவெளிக்கு வந்தது.
பென்ஷன் கிடையாது.

திருகோணமலையில் முதல் பஸ் எடுத்து
விடிய முன் கடற்கரைக்குப் போனேன்.
முழங்கால் இரண்டும் பாக்குவெட்டியாய்க் கவ்வின.
குதிக்கால் மேலே, விரல் நுனி கீழே.
இருபது வருஷம் மெஷின் மிதித்த பாதங்கள்,
மிதித்தால் இதுவும் ஓடும் என்று நம்பின.
"குதிக்காலக் கீழ விடுங்க" என்றான்.
அவனுக்குத் தெரிந்த பாடம் அவ்வளவும்தான்.
சொல்லிவிட்டு போனைத் திறந்துவிடுவான்.

கீழே விடு என்றால் அழுத்தினேன்.
அழுத்த, கால் முன்னே போயிற்று.
கால் போக, முதுகு பின்னே சாய்ந்தது.
கடிவாளத்தில் தொங்கினேன்.
சார்ஜன் பல்லைக் காட்டிற்று.

மூன்றாம் நாள்
மணலில் பந்தடித்த பொடியன்களில் ஒருத்தன்
விசில் ஊதினான்.
சார்ஜன் உத்தரவு கேட்டதுபோல் நின்றது.
நான் நிற்கவில்லை.
கதிரையில் இருந்த மாதிரியே,
கால் நீட்டி, முதுகு கூனி,
ஈர மணலில் வந்து இருந்தேன்.

இவ்வளவு நேரமும் கதிரையில்தானா இருந்தேன்?

அன்றிரவு கண்ணாடிக்கு முன்
கட்டையான முக்காலியில் கால் அகட்டி இருந்து
காதடியில் நூலைப் பிடித்து
நுனியில் பொபின் கட்டித் தொங்கவிட்டேன்.
தோளைத் தொட்டது நூல்.
இடுப்பெலும்பைத் தொட்டது.
குதிக்கால் எங்கோ ஒரு சாண் தள்ளி
வேறு யாருடையதோ போல் கிடந்தது.
ஊசிமுனை ஊசிமுனையாய்ப் பின்னே இழுத்தேன்,
பொபின் வந்து அதில் முட்டும்வரை.

நாலாம் நாள் அளவுநாடா கொண்டு போனேன்.
அங்கவடி தொங்கும் வார் இரண்டையும் அளந்தால்
இடது, அரை அங்குலம் நீளம்.
எல்லாரும் இடப்பக்கத்தாலேதானே ஏறுவது,
எத்தனை பேரின் பாரம் இழுத்த தோல் அது!
எனக்குள் ஒரு சந்தோஷம்:
கோணல் என்னில் இல்லை.
வார்களை இடம் மாற்றி மாட்டி ஏறினேன்.
வலப்பக்கம் சரிந்தேன்.
கரையின் சரிவு, என்றேன், வடக்கே போகையில்
கடல் வலப்பக்கம்.
திரும்பி வருகையில் கடல் இடப்பக்கம்.
அப்போதும் வலப்பக்கமே சரிந்தேன்.

கத்தரிக்கோல் பிடித்த தோள்.
மீதி அரை அங்குலம் என்னுடையது.

ஐந்தாம் நாள் அங்கவடிகளைக் கழற்றி
முர்ஷிதின் கையில் கொடுத்தேன்.
"விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றான்.
தொடையின் பின்சதையைக் கையால் பற்றி
வெளியே இழுத்துவிட்டேன்,
தையலுக்கு முன் துணியில் சுருக்கம் எடுக்கிற மாதிரி.
எலும்பு சேணத்தைக் கண்டுகொண்டது.
கொடியில் போட்ட ஈரச் சாரம்போல்
கால் இரண்டும் தொங்கின.
நடக்கையில் குதிரையின் வயிறு
இப்படியும் அப்படியும் ஆடி
என் கால்களை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தது.
முதலில் இடுப்பு விட்டது,
பிறகு முழங்கால்.
கடைசியில், கேட்காமலே,
கிணற்றுக்குள் வாளி போவதுபோல்
குதிக்கால் இறங்கிற்று.

ஆறாம் நாள் அங்கவடியோடு துள்ளுநடை.
பிடரியைப் பார்க்காமல்
தூரத்தே புறாத்தீவைப் பார்த்தேன்.
கரைவலைக்காரர் கயிற்றைத் தாழ்த்தி வழிவிட்டார்கள்.
பந்தடிக்கிற பொடியன்கள் அன்று வரவில்லை.
விசிலுக்காக என் காது காத்திருந்தது.
சார்ஜனின் காதும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.
ஒருத்தரும் ஊதவில்லை.
ஊதியிருந்தால் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சட்டை பதினெட்டு.
மெஷினில் கால் வைத்ததும்
குதிக்கால் தன்பாட்டில் கீழே போயிற்று.
சக்கரம் பின்னுக்குச் சுற்றி,
நூல் படீரென்று அறுந்தது.