அருகில் இப்போது

கணப்பு வாங்க எனக்கு இருபத்திரண்டு நாள் ஆயிற்று.
வால்டிவியாவில் மழையும் ஓயவில்லை, நானும் ஓயவில்லை.
வார்ப்பிரும்பு, கறுப்பு, இரட்டைக் கண்ணாடி,
எண்பது சதுர மீட்டர், விலை குறைந்தது முதலில்.
இரவெல்லாம் பெயரடைகளாகவே தட்டினேன்.
முன்னூற்றுப் பதினான்கு அந்நியர்களின் நட்சத்திரங்களைப்
பொன்போல உரைத்துப் பார்த்தேன்.
கதவுப்பிடி சுடுகிறது என்று அழுத ஒருவனோடு
மூன்று நாள் மனசுக்குள் வழக்காடினேன்.

சாந்தியாகோவிலிருந்து
எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் கடந்து
இரண்டே நாளில் வந்து இறங்கியது.
லாரி எந்தப் பாலத்தில் நிற்கிறது என்றுகூட
எனக்குத் தெரிந்திருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு
சுவருக்குள் ரயில் ஓடுவதுபோல் சத்தம்.
புகைபோக்கி உள்ளுக்குள் எரிந்தது.
காற்றுத் துளையை அடைத்து, உப்பை அள்ளிப் போட்டு,
தணிந்தபின் கரிவிரலால் தேடினேன்:
புகைபோக்கி சுத்தம் அருகில் இப்போது

வினைச்சொல் இல்லை. காற்புள்ளி இல்லை.
விலை கேட்கத் தோன்றவில்லை.
"அருகில்" என்பதை இரண்டாம் முறையும் தட்டினேன்,
சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும் என்பதுபோல.

வரைபடத்தில் ஒரே சிவப்புப் புள்ளி, நாலு தெரு தள்ளி.
நிபால்டோ.
ஏணி ஒன்றின் மங்கல் படம்.
ஒற்றை மதிப்புரை: "தாமதமாக வந்தார். ஆனால் வந்தார்."
அந்த "ஆனால்" மேல்
என் வீட்டையே சாய்த்து வைத்தேன்.

நாலு தெருவைக் கடக்க அவருக்கு ஐந்து நாள்.
கோட்டோடு சமைத்தேன், கோட்டோடு படுத்தேன்.
இதோ வருகிறார் என்று காட்ட
எந்தப் புள்ளியும் நகரவில்லை.

கணப்பு வந்தபோது என் வீட்டைப் பார்க்கவில்லை.
இவர் பார்த்தார்:
கழுவாத தட்டுகள், வாளியில் சொட்டும் கூரை,
இரண்டு நாற்காலியில் ஒன்று மட்டும் தேய்ந்திருப்பது.
ஒன்றும் கேட்கவில்லை.
கூரையிலிருந்து இறங்கி,
கறுத்த முகத்தில் கண் மட்டும் வெளுத்திருக்க,
"நல்ல கணப்புதான் அம்மா. ஈர விறகுதான் வினை" என்றார்.
அந்த முன்னூற்றுப் பதினான்கு பேரில்
ஒருவர்கூட விறகைப் பற்றிப் பேசவில்லை.

கணப்புக் கடை இன்னும் மின்னஞ்சலில் நச்சரிக்கிறது,
அனுபவம் எப்படி என்று.
வாயை மூடட்டும் என ஐந்து நட்சத்திரம் போட்டேன்.
நிபால்டோவுக்கு எதுவும் எழுதவில்லை.
எழுதினால் கூட்டம் சேரும்,
என் ஐந்து நாள் பத்தாகும்.

எதிர்வீட்டு எடுவினா
வேலிக்கு அப்பாலிருந்து கேட்டபோது மட்டும்
எண்ணைச் சொன்னேன், மழைச் சத்தத்துக்குள், மெதுவாக.
"நான் கொடுத்தேன் என்று சொல்.
அவசரம் என்று மட்டும் சொல்லாதே,
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்."